பேண்டு பார்க்குக்கு ஒரு கல்யாண ஆல்பம்

என் தொழிலில் நான் சொல்லாத பொய் கிடையாது. ஆனால் வாயைத் திறந்து ஒன்றுகூடச் சொன்னதில்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மௌஸால் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளையின் கன்னத்துப் பரு, பெண் முதல் நாள் அழுததில் வந்த கண்வீக்கம், மண்டபத்துச் சுவரில் தொங்கும் ஒயர், பின்னால் நின்று கொட்டாவி விட்ட சித்தப்பா என்று எதை எதையோ அழித்திருக்கிறேன். (சித்தப்பாவை முழுசாக அழித்ததில் ஒரு குடும்பத்துக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. அது தனிக் கதை.) இதற்காக யாரும் என்னைத் திட்டியதில்லை. "சூப்பரா பண்ணிருக்கீங்கண்ணா" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் கேமராவுக்கு முன்னால் எது வந்து நின்றாலும், வந்ததைவிட அழகாக்கி வீட்டுக்கு அனுப்புவதுதான் தொழில் தர்மம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு கமிட்டிக் கூட்டத்தில், பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது உடைந்தது.

எனக்கு வீடு இரும்புலியூரில். ஸ்டூடியோ கிழக்குத் தாம்பரத்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, ஞானஸ்நானம், எதுவாக இருந்தாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். என் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் உண்டு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தால் அதை ஒருமுறை பதிவு செய்து, பிறகு ஒரே தட்டில் எல்லாப் படத்துக்கும் செய்துகொள்ளலாம். அப்படி நான் பதிவு செய்து வைத்திருந்ததற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். அதைத் தட்டினால் கரும்புள்ளி போகும், சுருக்கம் போகும், தோல் நாலு படி வெளுக்கும், வானம் நீலமாகும். மாப்பிள்ளையின் தாத்தா படத்துக்குத் தவறுதலாகத் தட்டிவிட்டு, யார் மாப்பிள்ளை என்று எனக்கே குழம்பியிருக்கிறது.

ஒரு நாள் ஷகிலா மேடம் ஸ்டூடியோவுக்கு வந்தார். வந்தது பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு. முப்பத்தைந்து வயசு இருக்கும். பழைய கட்டடங்களைப் பழையபடியே சீரமைத்துக் கொடுக்கும் ஆர்க்கிடெக்ட். படம் எடுத்து, பிரிண்ட் போட்டுக் கவரில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார்.

"என் மச்சம் எங்க?"

"எடுத்துட்டேன் மேடம்."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"எல்லாருக்கும் எடுத்துடுவேன் மேடம். அதுக்குத் தனியா சார்ஜ் கிடையாது."

"திரும்ப வைங்க" என்றார். வைத்துக் கொடுத்தேன். (கொஞ்சம் இடம் மாறிவிட்டது. அதை நான் சொல்லவில்லை.) அந்த இடத்திலேயே அவர் எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் வேறு ஆளைத் தேட அவருக்கு நேரமில்லை. பேண்டு பார்க் வேலை தொடங்கப் போகிறது, தினமும் வந்து படமெடுக்கப் பக்கத்திலேயே ஒரு ஆள் வேண்டும், நீங்கள் வருவீர்களா என்று கேட்டார்.

பேண்டு பார்க் என்பது தாம்பரத்தில் நாங்கள் வைத்திருக்கும் பெயர். வெள்ளைக்காரன் காலத்துப் பூங்கா. நடுவில் எட்டு இரும்புத் தூண் வைத்து ஒரு எட்டுப்பட்டை மேடை. ஒரு காலத்தில் அதில் ஏறி பேண்டு வாசிப்பார்களாம். மேடைக்கு எதிரே ஒரு ஃபவுண்டன், நாலு பக்கமும் கல் பெஞ்சு, பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். நான் பார்த்த காலம் முழுக்க மேடையில் நாய்கள்தான் படுத்திருந்தன. ஃபவுண்டனில் இளநீர் மட்டை கிடந்தது. கூரையில் ஓடு பாதி இல்லை. தூணெல்லாம் அடியில் துருப்பிடித்து, தொட்டால் கையோடு வந்தது. இதைச் சீரமைக்க அனுமதி வாங்க ஷகிலா மேடம் மூன்று வருஷம் அலைந்திருக்கிறார். தனியாக அவர் பொறுப்பில் செய்யும் முதல் வேலை அது.

வேலையை அவர் தெளிவாகத்தான் விளக்கினார். பூங்காவில் முப்பது இடத்தில் தரையில் இரும்பு முளை அடித்து எண் போட்டிருந்தது. ஒவ்வொரு முளைமேலும் கேமராவை நிறுத்தி, வேலைக்கு முன்னால் ஒரு படம், நடக்கும்போது சில படம், முடிந்தபின் ஒரு படம். எல்லாப் படத்திலும் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒரு அளவுகோல் நிற்க வேண்டும். அதை வைத்துத்தான் விரிசல் எவ்வளவு பெரிசு, தூண் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்ப்பார்களாம்.

"அழகா எடுக்க வேணாம். இருக்கிறதை இருக்கிற மாதிரி எடுங்க. ஒரு பழைய கட்டடத்துல கை வெச்சா, அதுக்கு முன்னாடி அது எப்படி இருந்துச்சுன்னு நாம நிரூபிக்கணும். நிரூபிக்க முடியலைன்னா இடிச்சதுன்னுதான் சொல்வாங்க. புரியுதா?"

"புரியுது மேடம்" என்றேன். பெண்ணின் அம்மா 'என் பொண்ணு நேச்சுரலாத் தெரியணும்' என்று சொல்லும்போது எப்படித் தலையாட்டுவேனோ, அப்படித்தான் தலையாட்டினேன்.

வீட்டில் மெர்லினிடம் (மனைவி) சொன்னேன். அவள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சொன்னாள். கூடுவாஞ்சேரியில் இருக்கும் மாமனாருக்கும் போன் போட்டுச் சொன்னாள். மாமனார் என்னை எட்டு வருஷமாக 'ஃபங்ஷனுக்கு போட்டோ எடுக்கிறவர்' என்றுதான் அறிமுகப்படுத்துவார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, "கவர்மென்ட் வேலையா மாப்ளே?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் மாமா என்று சொல்லிவிட்டேன். இனி இந்த வேலையில் என் கைவரிசை முழுவதையும் இறக்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

பத்து நாள், காலை ஆறு மணிக்குப் போனேன். பூங்காவுக்கு நடக்க வருகிறவர்களில் கோதண்டம் சார் என்று ஒருவர் உண்டு. ரயில்வேயில் தண்டவாளம் சோதிக்கும் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். நடப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். பூங்காவில் எது உடைந்தாலும் போனில் படமெடுத்துப் புகாராக அனுப்புவது அவருக்கு வேலை. என்னைப் பார்த்ததும் வந்து பக்கத்தில் நின்று, தன் போனைத் திறந்து காட்டுவார். நூற்றுக்கணக்கான படங்கள். ஒவ்வொன்றிலும் அவருடைய கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருக்கும்.

"சார், விரல் விழுந்துடுது பாருங்க" என்றேன் முதல் நாள்.

"ஆமாம்" என்றார்.

இரண்டாம் நாளும் விரல். "சார், ஒரு கையால போனைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையைப் பாக்கெட்ல வெச்சுக்குங்க. விரல் வராது" என்று இலவச ஆலோசனை வழங்கினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீ உன் வேலையைப் பாருப்பா" என்று நடக்கப் போய்விட்டார். மூன்றாம் நாள் நான் அவர் காதுபடவே மேஸ்திரி ஏழுமலையிடம், "இந்தக் காலத்துல போன் வெச்சிருக்கவனெல்லாம் போட்டோகிராபர்" என்றேன். ஏழுமலை சிரிக்கவில்லை. "நீ இன்னா சார் பண்ற, நீயும் அதைத்தானே எடுத்துகினு கீறே" என்றார்.

படம் எடுத்து முடித்தேன். "எல்லா முளையும் எடுத்தாச்சா?" என்று ஷகிலா மேடம் கேட்டார். "எடுத்தாச்சு மேடம்" என்றேன். அது சத்தியம். அந்தச் சொல்லை நம்பித்தான் அவர் மறுநாளே மேடையைப் பிரிக்கச் சொன்னார். மழை வருவதற்குள் கூரையை இறக்கியாக வேண்டும், இல்லையென்றால் தானே இறங்கிவிடும் நிலைமை. ஏழுமலையின் ஆட்கள் ஓட்டைக் கழற்றினார்கள், தூணைக் கழற்றினார்கள், தளத்துக் கல்லைப் பெயர்த்து வரிசையாக அடுக்கினார்கள். ஒரு வாரத்தில் மேடை இருந்த இடத்தில் எட்டுக் குழிதான் மிச்சம். அதற்கடுத்த வாரம், அனுமதி கொடுத்த கமிட்டி கூடி, படங்களைப் பார்த்து, மேற்கொண்டு வேலைக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். படங்களைப் பிரிண்ட் போட்டு ஒரு ஃபைலில் வைத்து, மூன்று நாள் முன்னால் கொடுங்கள் என்றார் மேடம்.

ஃபைலாம். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை.

அன்று மாலை படங்களைத் திறந்து பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கே பார்த்தாலும் அழுக்கு, விரிசல், துரு. ஒவ்வொரு படத்திலும் நடுவில் அந்தக் கறுப்பு வெள்ளைக் கோல், மணமேடையில் மறந்துபோய் விட்டுவிட்ட ஒட்டடைக் கம்பு மாதிரி. இதைப் போய்ப் பெரிய அதிகாரிகளிடம் கொடுத்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? 'மாப்பிள்ளை'யைத் தட்டினேன். முப்பது முளைக்கும், இருநூறு படத்துக்கும், மொத்தமாக.

துரு போயிற்று. தூண்கள் பளபளவென்று வெளுத்தன. தளத்து விரிசல்களைச் சுருக்கம் என்று எண்ணிக்கொண்டு கம்ப்யூட்டர் நீவி விட்டது. மிச்சத்தை நான் கையால் பார்த்துக்கொண்டேன். அளவுகோலை அழித்தேன், நாயை அழித்தேன், இளநீர் மட்டையை அழித்தேன், வேறு படத்தில் இருந்து ஓடு எடுத்துக் கூரையில் பதித்தேன். காலியாகக் கிடந்த ஃபவுண்டனில் தண்ணீர் விட்டேன். அதில் ஒரு ஜோடி அன்னம் போடலாமா என்று கை துறுதுறுத்தது. அரசாங்க வேலை, அடக்கமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போட்டிருந்தால், படம் பொய் என்று பார்த்ததுமே தெரிந்து, பிழைத்திருப்பேன்.

ஆல்பம் மிகப் பிரமாதமாக வந்தது. ஒரு முழம் அகலம், மெரூன் வெல்வெட் அட்டை, காந்தப் பூட்டு, தூக்கிக்கொண்டு போக ஒரு பெட்டி. முதல் பக்கத்தில் சாயங்கால வெயிலில் மேடை, அதன்கீழே தங்க எழுத்தில் 'இனிதே தொடங்கும் பயணம்'. அந்த வாரம் கூடுவாஞ்சேரியில் ஒரு வளைகாப்பு வேறு குறுக்கே வந்ததால், மூன்று நாள் முன்னால் கொடுக்க வேண்டியதைக் கூட்டம் நடக்கும் நாள் காலையில்தான் கொண்டுபோனேன். ஷகிலா மேடம் வாசலில் நின்றிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இது என்ன?"

"சர்ப்ரைஸ் மேடம்."

திறந்து பார்க்கப் போனார். நான் விடவில்லை. ஆல்பத்தை முதலில் பெரியவர்கள் கையில்தான் கொடுத்துத் திறக்க வைக்க வேண்டும், அதுதான் ராசி என்றேன். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நீள மேஜை. தலைப்பக்கம் பெரிய அதிகாரி, அமைதியான மனிதர். சுற்றிலும் பத்துப் பேர். மக்கள் சார்பில் கோதண்டம் சார் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி காந்தப் பூட்டைத் திறந்தார், ஒரு சின்ன 'டக்'. நான் சுவரோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் வீட்டார் ஆல்பம் பார்க்கும்போது கண்கலங்குவார்களே, அதற்காகக் காத்திருந்தேன்.

"ரொம்ப நல்லா இருக்கே" என்றார் அதிகாரி. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த பக்கம் திருப்பினார். "தூணெல்லாம் ஜோரா இருக்கு." அடுத்த பக்கம். "ஃபவுண்டன்ல தண்ணி வருதா?"

"இல்ல சார்" என்றார் ஷகிலா மேடம். "அது நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு."

"படத்துல வருதே."

மேடம் எழுந்துபோய் ஆல்பத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலாம். கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதிகாரி பக்கத்தில் இருந்த ஒரு கவரைத் திறந்தார். அதில் அவருடைய ஆட்கள் முந்தின நாள் பூங்காவுக்குப் போய் எடுத்த படங்கள். எட்டுக் குழி, அடுக்கிய கல், கிடத்திய தூண். ஆல்பத்தை ஒரு பக்கமும் இதை ஒரு பக்கமும் வைத்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"இவ்வளவு நல்லா இருந்த மேடையை ஏம்மா இடிச்சீங்க?"

"சார், அது அப்படி இல்ல சார்" என்றார் மேடம். மூன்று வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக் காப்பாற்ற வந்தவர், இப்போது ஒரு பழங்காலச் சின்னத்தை இடித்தவராக நின்றுகொண்டிருந்தார். வேலையை நிறுத்தச் சொல்லலாமா, விசாரணை வைக்கலாமா என்று மேஜையில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர், இந்த அம்மாவுக்கு இனிமேல் எந்த வேலையும் கொடுக்கக்கூடாது என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். என் கை தானாகத் தூக்கிக்கொண்டது, பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போகக் கேட்பது போல.

"சார், அது மேக்கப்" என்றேன்.

"எது?"

"பார்க்குக்கு. நான் போட்டது. துரு, விரிசல், ஓடு, நாய் எல்லாத்தையும் நான்தான் எடுத்தேன். தண்ணியும் நான்தான் விட்டேன். மேடத்துக்கு எதுவும் தெரியாது சார்."

ஏன் செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். நல்லா இருக்கட்டும்னு சார் என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு கேவலமான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை.

"சரி. ஒரிஜினல் படம் இருக்குமில்ல? அதைக் காட்டுங்க."

அங்கேதான் தலையில் இடி. 'மாப்பிள்ளை'யை நான் எப்படிப் பதிவு செய்திருந்தேன் என்றால், திருத்திய படத்தைப் பழைய படத்தின் மேலேயே சேவ் செய்துவிடும். (இடம் மிச்சமாகும் என்று நானே கண்டுபிடித்த முறை. பெருமையாக நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.)

"கம்ப்யூட்டர்ல இல்ல சார்."

"கேமரா கார்டுல?"

"கார்டை அழிச்சுட்டேன் சார்."

"எதுக்கு?"

"கூடுவாஞ்சேரியில ஒரு வளைகாப்பு சார்."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார். "தம்பி, நீங்க அந்தம்மாகிட்ட வேலை பார்க்கிறவர். இப்ப அவங்களுக்கு ஒரு கஷ்டம்னதும், படம்தான் பொய்னு சொல்றீங்க. படம் பொய்யா, நீங்க சொல்றது பொய்யா, நான் எதை வெச்சு முடிவு பண்றது?"

நியாயமான கேள்வி. முதல் தடவையாக வாயால் ஒரு உண்மையைச் சொல்கிறேன், அதை நம்ப ஒரு ஆள் இல்லை. ஷகிலா மேடம் தன் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்தெட்டு வயசில், வெல்வெட் ஆல்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மூக்கை உறிஞ்சினேன்.

அப்போது கடைசி நாற்காலி நகர்ந்தது. கோதண்டம் சார் எழுந்தார். என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. போனை எடுத்தார், மூக்குக்கண்ணாடியை மாற்றினார், நிதானமாகத் தேடினார்.

"நான் கொஞ்சம் காட்டலாமா சார்?"

போன் மேஜையைச் சுற்றி அதிகாரி கைக்குப் போனது. "இது மேடைத் தளம்" என்றார் கோதண்டம் சார். "வடக்குப் பக்கம் மூணாவது தூண்கிட்ட. தள்ளுங்க சார், அடுத்தது. அது போன மழைக்கு முன்னாடி எடுத்தது. அதுக்கடுத்தது மழைக்குப் பின்னாடி. தேதி கீழேயே இருக்கும்."

"எல்லாத்துலயும் இந்த விரல் யாரோடது?" என்று கேட்டார் அதிகாரி.

"என்னோடது சார்."

"எதுக்கு?"

"வெடிப்பு பெரிசு, வெடிப்பு பெரிசுன்னு சொன்னா யார் நம்புவாங்க? எவ்வளவு பெரிசுன்னு தெரியணுமில்ல. தண்டவாளத்துல நாங்க அப்படித்தான் பண்ணுவோம், கையில ஸ்கேல் இல்லேன்னா பக்கத்துல விரலை வெச்சுக் காட்டுவோம். முதல் படத்துல வெடிப்புக்குள்ள விரல் நுழையாது. மழைக்கு அப்புறம் பாருங்க, முழுசா உள்ள போயிடுச்சு."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். பத்து நாள் அந்த மனிதருக்கு விரலைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளப் பாடம் எடுத்திருக்கிறேன். அவர் அளவுகோலை வைத்துப் படமெடுத்தவர். நான் அளவுகோலை அழித்தவன்.

போன் கை மாறி மாறிப் போனது. துருப்பிடித்த தூணடியில் விரல், ஓடில்லாத கூரையைக் காட்டும் விரல், காய்ந்த ஃபவுண்டனில் இளநீர் மட்டைக்குப் பக்கத்தில் விரல். மூன்று வருஷத்துப் படங்கள். ஒன்றுகூட அழகாக இல்லை. பாதி கோணல், கால்வாசி மங்கல். ஆனால் எந்த விரிசல் எந்த மாசம் எவ்வளவு வளர்ந்தது என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். அங்கிருந்த இன்ஜினியர் ஒருவர் எழுந்துவந்து, கோதண்டம் சாரின் கட்டைவிரலை மேஜைமேல் வைக்கச் சொல்லி, டேப் பிடித்து அளந்தார். அன்றைய கூட்டக் குறிப்பில் அந்த விரலின் அகலம் மில்லிமீட்டர் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. நானே பார்த்தேன்.

"வேலை நடக்கட்டும்" என்றார் அதிகாரி. ஆல்பத்தை மூடி என் பக்கம் தள்ளினார். "இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

வெளியே வந்து டீக்கடையில் நின்றோம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், மேடம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். டீயைப் பாதி குடித்தபின்தான் பேசினார்.

"அந்த ஃபவுண்டன் தண்ணி, நீங்களா யோசிச்சுப் போட்டதா?"

"ஆமா மேடம்."

"அது ஓடினா எப்படி இருக்கும்னு நானே இன்னிக்குத்தான் பார்த்தேன்" என்றார். "ஆனா அதை நான் ஓட விடணும். நீங்க இல்ல."

என்னை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவரோ, ஆளை மாற்றினால் அறிக்கையில் காரணம் எழுத வேண்டும், 'வளைகாப்பு' என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, நாளைக்கு ஆறு மணிக்கு முதல் முளைக்கு வாருங்கள் என்றார். கோதண்டம் சாரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீ உன் வேலையைப் பாருப்பான்னு அன்னிக்கே சொன்னேன். அதைத்தான் நீ பாக்கல" என்றார்.

பிறகு எட்டு மாசம். தினமும் படமெடுத்ததும் கார்டை அப்படியே மேடத்திடம் கொடுத்துவிட வேண்டும், என் கம்ப்யூட்டருக்கு அது போகவே கூடாது என்று கட்டளை. தூண்களை நிமிர்த்தினார்கள், சுண்ணாம்புச் சாந்து குழைத்துப் பழைய கற்களையே பதித்தார்கள், அடைத்துக் கிடந்த குழாயைத் தோண்டி எடுத்தார்கள். "எனுக்காவது கொஞ்சம் கலர் ஏத்தேன் சார், மாமியார் வூட்ல காட்டணும்" என்று ஏழுமலை தினமும் சீண்டுவார். வேலை முடிந்து ஒரு சாயங்காலம், மழை விட்டபின், முதல் முளையில் கேமராவை வைத்தேன். ஈரத்தில் மேடைத் தளம் மின்னியது. தூங்குமூஞ்சி மரம் முழுக்கப் பூத்திருந்தது. ஃபவுண்டனில் தண்ணீர், மேற்கே சிவப்பு வானம். இருபது வருஷத் தொழிலில் நான் எடுத்த மிக நல்ல படம் அதுதான். அதில் ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை.

பூங்காவின் உள்சுவரில் ஒரு பெரிய பலகை வைத்தார்கள். இடது பக்கம் 'முன்பு', கோதண்டம் சார் எடுத்தது. வலது பக்கம் 'இப்போது', நான் எடுத்தது. கீழே எங்கள் இருவர் பெயரும். திறப்பு விழாவன்று மெர்லினையும் கூடுவாஞ்சேரியிலிருந்து மாமனாரையும் வரவழைத்து, பலகைக்கு முன்னால் பெருமையாக நிறுத்தினேன். எங்களுக்கு முன்னால் இரண்டு காலேஜ் பையன்கள் நின்றிருந்தார்கள்.

"செம எடிட்டுடா மச்சான்."

"ஆமாடா. வானத்தைப் பாரு, ஓவரா கலர் ஏத்திட்டான்."

நான் வாயைத் திறப்பதற்குள் மெர்லின் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "ஏங்க, மறுபடியும் பண்ணிட்டீங்களா?" என்று காதோடு கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் தோளைப் பிடித்து, பலகைக்கு முதுகு காட்டும்படி திருப்பி நிறுத்தினேன். சாயங்காலம்தான் அப்போதும். எதிரே மேடை, ஃபவுண்டன், மரம், வானம், படத்தில் இருந்தபடியே. ஃபவுண்டன் திட்டில் ஷகிலா மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெர்லின் கொஞ்ச நேரம் பார்த்தாள். படத்தைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி பூங்காவைப் பார்த்தாள். "அய்யோ, நிஜமாவே அப்படித்தாங்க இருக்கு" என்றாள்.

மாமனாரும் திரும்பினார். அவர் அவசரப்படுகிற மனிதர் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பூங்கா முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்து முடித்தார்.

"என்ன மாப்ளே, பார்க்கையே எடிட் பண்ணிட்டீங்களா?" என்றார்.

அதைச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவர் என்னை 'ஃபங்ஷனுக்கு போட்டோ எடுக்கிறவர்' என்று சொல்வதில்லை. "தாம்பரத்துல ஒரு பார்க்கையே எடிட் பண்ணினாரே, அவரு" என்கிறார். முதலில் கொஞ்ச நாள் விளக்கிப் பார்த்தேன். அந்தப் படம் அப்படியே எடுத்தது, நான் எதையும் தொடவில்லை, சத்தியமாக நம்புங்கள் என்றெல்லாம் சொன்னேன். எல்லோரும் ரொம்ப அன்பாகத் தலையாட்டினார்கள், நான் பெண்களின் அம்மாக்களிடம் ஆட்டுவது மாதிரியே. இப்போது விளக்குவதில்லை. யாராவது கேட்டால், வண்டியில் ஏற்றி, பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிடுகிறேன்.